ஆடிக் காற்றை நம்பி மாடியில் காற்றாலை வைக்கலாமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். தமிழ்வழிப் பள்ளியில் பணிபுரிந்தவர், வயது 61. கணவர் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். வீட்டில் 84 வயது மாமியார் படுக்கையில் இருக்கிறார். படுக்கைப்புண் வராமலிருக்க அவருக்குக் காற்று மெத்தை போட்டிருக்கிறார்கள். கரண்ட் போனால் மெத்தைக்குக் காற்றடிக்கும் மோட்டார் நின்றுவிடுகிறது. ஆடி மாதத்தில் அது அடிக்கடி நடக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு விற்பனையாளர், வீட்டின் மொட்டைமாடியில் 12 அடிக் குழாய் நட்டு, 2 மீட்டர் விட்டமுள்ள 1 கிலோவாட் காற்றாலை வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். விலை 1,85,000 ரூபாய். “நாளுக்கு 10 யூனிட் நிச்சயம், கரண்ட் கட் என்ற பேச்சே இருக்காது, மின்வாரிய இணைப்பையே துண்டித்துவிடலாம்” என்பது அவர் வாக்கு. டீச்சர் 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டார். வீட்டுச் செலவு இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 420 யூனிட். வீட்டுக்கு மேற்கே பங்காளியின் தென்னந்தோப்பு இருக்கிறது. காற்றாலை வந்தால் இரைச்சலில் தூங்க முடியாது, மயில்கள் அடிபடும் என்று அவர் சண்டைக்கு வருகிறார். எருத்தேம்பதிப் பக்கம் மூன்று ஏக்கர் மேட்டு நிலமும் இவர்களுக்கு உண்டு. அங்கே மின் இணைப்பு இல்லை.

“ஆடியில் எங்கள் வீட்டில் கொடியில் துணி நிற்பதில்லை, கதவு தானாக அடித்துச் சாத்துகிறது. இவ்வளவு காற்று வீணாகப் போகிறதே என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆரல்வாய்மொழியில் இருக்கும் என் தம்பி ஊரில் எல்லாம் காற்றாலைதான். அங்கே முடிவது இங்கே முடியாதா?” என்று கேட்கிறார்.

டீச்சர், வணக்கம்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மாடியில் வேண்டாம். மேட்டு நிலத்தில் யோசிக்கலாம், அதுவும் காற்றை அளந்து பார்த்த பிறகு. காற்றாலைக்கு நான் விரோதி இல்லை. மின்பொறியாளனாக என் பிழைப்பில் பாதி காற்றாலைகளோடுதான் கழிந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் காற்றுக்குப் பேர்போன வழி என்பதிலும் சந்தேகமில்லை. கேரள மின்வாரியம் 1995-இலேயே கஞ்சிக்கோட்டில் 225 கிலோவாட் இயந்திரங்கள் ஒன்பதை நிறுத்தியது அதனால்தான். ஆனால் கணவாயில் காற்று இருப்பதும், உங்கள் மொட்டைமாடியில், தரையிலிருந்து 34 அடி உயரத்தில் அந்தக் காற்று கிடைப்பதும் வேறு வேறு விஷயங்கள்.

அட்டையில் எழுதியிருக்கும் 1 கிலோவாட்

நீங்கள் கணக்கு டீச்சரா என்று கடிதத்தில் இல்லை. இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

காற்றிலிருந்து கிடைக்கும் சக்தி, காற்றின் வேகத்தைப் போல நடப்பதில்லை, வேகத்தின் மும்மடியைப் போல நடக்கிறது. வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்றாகிவிடும். மூன்றில் ஒன்றானால் இருபத்தேழில் ஒன்று. 2 மீட்டர் விட்டமுள்ள காற்றாலை 1 கிலோவாட்டைத் தொடுவதற்கு வினாடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் காற்று இடைவிடாமல் அடிக்க வேண்டும். விளம்பரத் தாளின் மூலையில் சின்ன எழுத்தில் இந்த வேகம் அச்சிட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். காற்று வினாடிக்கு 6 மீட்டராகக் குறைந்தால் அதே இயந்திரம் தருவது 125 வாட். 4 மீட்டரில் 40 வாட்கூடத் தேறாது. 3 மீட்டரில் 15 வாட், அதுவும் ஏட்டில்தான்.

“எங்கள் இயந்திரம் 2 மீட்டர் வேகத்திலேயே சுழல ஆரம்பித்துவிடும்” என்று அவர் சொல்லியிருக்கிறார். சுழலட்டும். அந்த வேகத்தில் 2 மீட்டர் வட்டத்துக்குள் புகுந்து போகும் காற்றின் மொத்தச் சக்தியே 14 வாட்தான். அதில் 59 சதவீதத்துக்கு மேல் எந்த இயந்திரமும் பிடிக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் 1919-இல் கணக்கிட்டுச் சொன்னார். அதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. சிறிய காற்றாலைகள் பிடிப்பது நல்ல நாளில் 30 சதவீதம். ஆக, அழகாகச் சுழன்றுகொண்டிருக்கும் இயந்திரத்தின் அடியில் ஓர் எல்.இ.டி. பல்பு எரிவதே சந்தேகம். மாற்றாக அவர் காட்டிய செங்குத்து அச்சுக் காற்றாலையும் இந்தக் கணக்குக்கு உட்பட்டதே. எந்தத் திசைக் காற்றுக்கும் திரும்பாமல் சுழலும் என்பது அதன் வசதி. அதே பரப்புக்கு அது பொதுவாக இன்னும் குறைவாகவே மின்சாரம் தரும்.

உங்கள் மாடியில் கிடைக்கும் காற்று

ஆடிக் காற்று உங்கள் ஊருக்கு மேற்கிலிருந்து வருகிறது. உங்களுக்கு மேற்கே பங்காளியின் தோப்பு நிற்கிறது. வளர்ந்த நாட்டுத் தென்னை 50, 60 அடி இருக்கும். உங்கள் காற்றாலை 34 அடி. தோப்பின் நிழலில் சூரியத் தகடு வைக்க நீங்கள் சம்மதிக்க மாட்டீர்கள். காற்றுக்கும் அப்படி ஒரு நிழல் உண்டு, கண்ணுக்குத் தெரியாததால் ஏமாறுகிறோம். மரத்தையோ கட்டடத்தையோ மோதிவரும் காற்று, அதன் பின்புறம் வெகுதூரத்துக்குச் சுழித்துக்கொண்டே போகும். கதவைப் படாரென்று அடிக்கிறதே, அது பெரும்பாலும் இந்தச் சுழிக்காற்றுதான். துணியைப் பறக்கவிட அது போதும். காற்றாலைக்கு வேண்டியது ஒரே திசையில் சீராக வரும் காற்று. சுழிக்காற்றில் தலை இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பி, மின்சாரம் கொடுப்பதற்குப் பதில் தன் பேரிங்கைத்தான் தேய்த்துக்கொள்ளும்.

தொழிலில் ஒரு விதி வைத்திருக்கிறோம். சுற்றிலும் 300 அடிக்குள் உள்ள எதைவிடவும், இறக்கையின் கீழ்நுனி குறைந்தது 30 அடி உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் தோப்பு 55 அடி என்றால் கோபுரம் 90 அடியைத் தொட வேண்டும். அந்தக் கோபுரத்தின் செலவு காற்றாலையின் செலவைத் தாண்டிவிடும். 12 அடிக் குழாயோடு வியாபாரத்தை முடித்துக்கொள்ள அவர் நினைப்பதன் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டு மொட்டைமாடியில் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். நான் போனபோது இறக்கைகளை நைலான் கயிற்றால் கைப்பிடிச் சுவரோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். குழாயின் அடித்தகட்டைச் சுற்றித் தளத்தில் நட்சத்திரம் போல விரிசல், அதன் வழியே இறங்கிய மழைநீர் கீழ் அறையின் கூரையில் மஞ்சள் வட்டமாகப் படிந்திருந்தது. இறக்கை சுழலும்போது எழும் அதிர்வு குழாய் வழியாகச் சுவருக்கு இறங்கி, படுக்கையறையில் உறுமலாகக் கேட்டிருக்கிறது. பகலில் பொறுத்துக்கொண்டார்கள், இரவில் முடியவில்லை. உங்கள் மாமியார் எந்த அறையில் படுத்திருக்கிறார் என்பதை இந்த இடத்தில் யோசித்துக்கொள்ளுங்கள்.

இது அந்த ஒரு வீட்டின் கதை மட்டுமில்லை. இங்கிலாந்தில் வார்விக் காற்றாலைச் சோதனை என்ற பெயரில் கட்டடங்களின் மேல் வைத்த 26 சிறு காற்றாலைகளை 2007 முதல் 2009 வரை அளந்து பார்த்தார்கள். ஓர் இயந்திரம் சராசரியாக நாளொன்றுக்குத் தந்தது கால் யூனிட்டுக்கும் குறைவு. சில இயந்திரங்கள் தங்கள் மின்னணுப் பெட்டியை விழிப்பாக வைத்திருக்க, தாங்கள் தயாரித்ததைவிட அதிகமாக வீட்டு மின்சாரத்தை வாங்கிக்கொண்டன. நல்ல காற்றடிக்கும் உயரமான அடுக்குமாடிகளின் உச்சியில் வைத்தவை மட்டும் ஓரளவு தேறின.

உங்கள் மாடிக்கு வருவோம். வருடச் சராசரி வினாடிக்கு 3 மீட்டர் என்று தாராளமாகவே வைக்கிறேன். ஆடிக் காற்றின் உச்சத்தையும் ஐப்பசியின் அமைதியையும் கலந்து கணக்குப் போட்டால், நாளுக்கு அரை யூனிட் வரும். 10 யூனிட் இல்லை. ஒரு யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று கணக்குக்காக வைத்தால், வருடத்துக்கு மிச்சம் 1,100 ரூபாய். போட்ட 1,85,000 திரும்பிவர நூறு வருடத்துக்கு மேல் ஆகும். நன்றாகப் பராமரித்தால் இயந்திரம் உழைப்பது 15, 20 வருடம்.

தம்பி ஊரும் உங்கள் ஊரும்

ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் நிற்பவை வேறு ஜாதி. பனைக்கும் தென்னைக்கும் மேலே போய், தடையில்லாத காற்றில் தலை வைத்திருப்பவை. உடுமலைப் பக்கம் இப்போது வரும் புதிய இயந்திரங்களின் தலை 100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஓர் இறக்கையே உங்கள் தெருவின் பாதி நீளம் வரும். அவற்றை நிறுத்துவதற்கு முன் மாதக்கணக்கில் கம்பம் நட்டுக் காற்றை அளக்கிறார்கள். கோடிக்கணக்கில் பணம் போடுகிறவர்களே அளக்காமல் இறங்குவதில்லை. உங்களிடம் மட்டும் யாரும் அளவைப் பற்றிப் பேசவில்லை.

வாரிய இணைப்பைத் துண்டிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு நாளுக்கு 7 யூனிட் வேண்டும். காற்று இல்லாத நாளில் கைகொடுக்க வாரியத்தின் கம்பி ஒன்றுதான் இருக்கிறது.

“கரண்ட் கட் இருக்காது” என்ற பேச்சிலும் ஒரு பிழை இருக்கிறது. அது சூரியத் தகட்டுக்கும் பொருந்தும் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். வாரியக் கம்பியோடு இணைத்து, மீட்டர் வழியாகக் கொடுக்கல் வாங்கல் செய்யும் எந்த அமைப்பும், கம்பியில் மின்சாரம் நின்ற மறுகணமே தானும் நின்றுவிடும். நிற்க வேண்டும். இல்லையென்றால், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் உங்கள் வீட்டிலிருந்து போகும் மின்சாரத்தில் அடிபடுவார். எனவே கரண்ட் போன நேரத்தில் வெளிச்சம் வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும். மேலே காற்றாலை இருந்தாலும், தகடு இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

இங்கேதான் உங்கள் கடிதத்தின் உண்மையான தேவை எனக்குத் தெரிகிறது. காற்று மெத்தையின் மோட்டாருக்கு வேண்டியது 10 வாட் அளவுதான். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. வகை மின்விசிறி ஒன்றுக்கு 30 வாட், ஒரு விளக்குக்கு 10 வாட். மொத்தம் 50. கடையில் கிடைக்கும் சாதாரண இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியும் இருந்தால் ஓர் இரவு முழுவதும் தாராளமாக ஓடும். உங்கள் மாமியாருக்கு வேண்டியது அந்த இன்வெர்ட்டர். வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதை இந்த வாரமே செய்யுங்கள்.

கட்டணம் குறைய வேண்டுமென்றால் அதற்கும் எளிய வழி இருக்கிறது. பழைய மின்விசிறி 70, 75 வாட் இழுக்கும். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடும் நான்கு விசிறிகளை பி.எல்.டி.சி.-க்கு மாற்றினாலே ஒன்றரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். அந்தக் காற்றாலை மாடியில் தரக்கூடியதைப்போல மூன்று மடங்கு, செலவு அதன் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

அடுத்து சூரிய மின்சாரம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். இது கூரைமேல் சூரியத் தகட்டுக்கு மட்டும்தான். காற்றாலைக்கும் மானியம் உண்டு என்று விற்பனையாளர் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் அது தவறான தகவல். 2 கிலோவாட் தகடு உங்கள் ஊர் வெயிலில் சராசரியாக நாளுக்கு 7, 8 யூனிட் தரும். உங்கள் மொத்தச் செலவே அவ்வளவுதான். ஒன்று கவனியுங்கள்: தோப்பின் நிழல் பிற்பகலில் மாடியில் எங்கே விழுகிறது என்று மார்கழியில் ஒரு நாள், பங்குனியில் ஒரு நாள் சாக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். டீச்சர் வீட்டில் சாக்கட்டிக்குப் பஞ்சமிருக்காது.

மேட்டு நிலத்தில் மட்டும் ஒரு வாய்ப்பு

எருத்தேம்பதி நிலத்தைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் சுவாரசியமாக இருக்கிறது. கிழக்குச் சித்தூரின் அந்தப் பகுதி வறண்ட மேடு, மரம் குறைவு, அங்கங்கே பனை. மின் இணைப்பு இல்லை, கம்பி இழுக்கச் செலவாகும். வீட்டுக் காற்றாலை என்ற பொருள் உண்மையில் இப்படிப்பட்ட இடத்துக்காகத்தான் இருக்கிறது.

காற்றாலையின் பெரிய பலம், சூரியத் தகடு சோர்ந்துபோகும் நேரத்தில் அது எழுந்து நிற்பதுதான். ஆனி, ஆடி, ஆவணியில் மேகம் மூடித் தகட்டின் விளைச்சல் குறையும்போது கணவாய்க் காற்று உச்சத்தில் இருக்கும். கார்த்திகை, மார்கழியில் கிழக்கிலிருந்து கணவாய்க்குள் நுழையும் காற்று இரவிலும் விடியற்காலையிலும்கூட அடிக்கும். அப்போது தகடு தூங்கிக்கொண்டிருக்கும். ஆகவே தகடும் காற்றாலையும் சேர்ந்து ஒரே பேட்டரிக்கு ஊட்டினால், தகடு மட்டும் இருந்தால் வேண்டியதைவிடச் சிறிய பேட்டரி போதும். சராசரி வேகம் வினாடிக்கு 5 மீட்டர் கிடைத்தால் அதே 2 மீட்டர் இயந்திரம் நாளுக்கு 2, இரண்டரை யூனிட் தரும். மாடியில் தருவதைப்போல நாலைந்து மடங்கு. காவல் குடிசைக்கு விளக்கு, விசிறி, கைப்பேசி, மருந்துத் தெளிப்பானுக்குச் சார்ஜ், ஒரு கேமரா எல்லாம் நடக்கும். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் நடக்காது. 5 குதிரைத்திறன் மோட்டார் என்றால் 3.7 கிலோவாட், அதற்கு இந்த இயந்திரம் எந்த மூலைக்கு?

அப்போதும் ரூபாய்க் கணக்கில் இது லாபமான முதலீடு ஆகாது. யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றால் போட்டது திரும்ப முப்பது வருடத்துக்கு மேல். கம்பி இல்லாத இடத்தில் மின்சாரம் என்ற வசதிக்குக் கொடுக்கும் விலை அது. அந்த விலைக்கு இன்னும் இரண்டு தகடு வாங்கிப் போடலாமா என்ற கேள்வியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் விடை ‘போடலாம்’ என்றே வரும். ஆடி மூட்டத்தில் நாள்கணக்காகப் பேட்டரி இறங்கிப்போகும் இடமென்றால் மட்டும் காற்றாலை ஜெயிக்கும்.

முதலில் காற்றைப் பாருங்கள். வேலியோர வேம்பும் புளியும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, காற்று வரும் பக்கத்தில் கிளை மொட்டையாக இருக்கின்றனவா? அப்படியென்றால் இடம் பேசத் தொடங்கிவிட்டது. ஓர் உயரமான மூங்கிலின் நுனியில் நாலடி நீள நாடாவைக் கட்டி நடுங்கள். ஆடியில் அது இஸ்திரி போட்டதுபோல நேராக நீண்டு நின்றால் நல்ல காற்று. பாம்பு போல நெளிந்து, திசைக்குத் திசை திரும்பி, மூங்கிலையே சுற்றிக்கொண்டால் அங்கேயும் சுழிதான், இடத்தை மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு, பதிவு செய்யும் வசதியுள்ள காற்றுவேகமானி ஒன்றை 30 அடிக் குழாயில் வைத்து ஒரு வருடம் அளவு எடுங்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் ஆடியும் மார்கழியும் பங்குனியுமாவது அளக்கப்பட வேண்டும். ஆடியில் மட்டும் அளந்தால் அது கல்யாண வீட்டில் பெண்ணைப் பார்த்த கதைதான்.

அளவு நன்றாக வந்து வாங்குவதென்று ஆனால், இழுவைக் கம்பிகள் கட்டிய, மடக்கிப் படுக்கவைக்கும் கோபுரமாகக் கேளுங்கள். வருடம் இருமுறை அதை இறக்கி நட்டு, போல்ட், இறக்கை விளிம்பு எல்லாம் பார்க்க வேண்டும். ஏறிப் பார்ப்பது உங்கள் ஊரில் தென்னை ஏறுகிறவர் செய்கிற வேலை இல்லை. ஐப்பசி, சித்திரை இடிமின்னலுக்கு நல்ல எர்த் அவசியம். பேட்டரி நிரம்பியபிறகு வரும் மின்சாரத்தை எரித்துத் தீர்க்க ஒரு சூடேற்றிச் சுமை கண்டிப்பாக இருக்க வேண்டும். சூரியத் தகட்டைச் சும்மா விடலாம், ஒன்றும் ஆகாது. சுமை இல்லாமல் விட்ட காற்றாலை வேகம் மிஞ்சித் தன்னையே பிய்த்துக்கொள்ளும். பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த, தகட்டுக்குப் போடும் சார்ஜ் கன்ட்ரோலரையே இதற்கும் போடுகிறேன் என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆளில்லாத வயலில் பேட்டரியும் தாமிரக் கம்பியும் எத்தனை நாள் இருக்கும் என்பது நீங்கள் அறியாததில்லை.

பங்காளியும் பஞ்சாயத்தும்

பங்காளியின் புகாரில் பாதி நியாயம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. அமைதியான கிராமத்து இரவில் மாடிக் காற்றாலை இதைத் தாண்டுவது கடினமில்லை. மயில் விஷயத்தில் அவர் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார். சிறு காற்றாலையில் பறவை அடிபடுவது அபூர்வம். ஆனாலும் மயில் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை, இழுவைக் கம்பிகளில் பளிச்சென்று தெரியும் பட்டைகள் கட்டிவிடுவது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாளை அவர் இன்னும் நாலு வரிசை தென்னை வைத்தாலோ மாடி எழுப்பினாலோ, “என் காற்றை மறிக்காதே” என்று தடுக்க உங்களுக்கு வழியில்லை. இங்கிலாந்தில் ஒரு காற்றாலைக்காரர், பக்கத்தில் எழுந்த பள்ளிக்கூடக் கட்டடம் காற்றை மறைக்கிறது என்று வழக்குப் போட்டு 1861-இல் தோற்றார். நம் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமும், திறந்த வெளிக்கு வரும் காற்றை நெடுநாள் அனுபவத்தால் மட்டும் உரிமையாக்கிக்கொள்ள முடியாது என்றே சொல்கிறது. பங்காளியோடு பகைத்துக்கொண்டு வைக்கும் காற்றாலை அவர் தென்னங்கன்றின் தயவில்தான் சுழலும்.

சொந்த உபயோகத்துக்கு மின்சாரம் தயாரிக்க உரிமம் வேண்டியதில்லை, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் அதைக் கேட்பதில்லை. வாரியக் கம்பியோடு இணைப்பதென்றால் மட்டும் பிரிவு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். கோபுரத்துக்கு எதற்கும் பஞ்சாயத்துச் செயலாளரிடம் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கோபுரம் விழுந்தால் எட்டும் தூரத்துக்குள் வீடோ, வழியோ, மின்கம்பியோ இருக்கக் கூடாது என்பது சட்டத்தைக் கேட்காமலே நீங்கள் பின்பற்ற வேண்டிய விதி.

கொடுத்த 20,000

ரசீதை எடுத்துப் பாருங்கள். முன்பணம் திரும்பத் தரப்படாது என்று அதில் இருக்கிறதா? நாளுக்கு 10 யூனிட் என்ற வாக்கு எங்காவது அச்சில், விளம்பரத் தாளில், வாட்ஸ்அப்பில் இருக்கிறதா? இருந்தால் அழியாமல் பாதுகாத்து வையுங்கள், அதுதான் உங்கள் பலம்.

பிறகு அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சண்டை வேண்டாம், நான்கு விஷயங்களை மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு காற்று வேகத்திலும் இயந்திரம் எத்தனை வாட் தரும் என்ற அட்டவணை, அதை யார் சோதித்துச் சான்று கொடுத்தார்கள் என்பதோடு வேண்டும். சென்னையில் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் இருக்கிறது, கயத்தாறில் அதன் சோதனை நிலையம் இருக்கிறது, சோதிக்க இடமில்லை என்று சொல்ல முடியாது. புயல் காற்றில் இயந்திரம் தன்னை எப்படி நிறுத்திக்கொள்ளும்? பாலக்காடு மாவட்டத்தில் பழுதுபார்க்க ஆள் யார்? உங்கள் மாடியில் வருடத்துக்கு 3,650 யூனிட் வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக முத்திரையிட்டுக் கையெழுத்துப் போடுவாரா? பெரும்பாலும் கடைசிக் கேள்வியிலேயே பேச்சு முடிந்துவிடும். பதில் வரவில்லை, அல்லது மழுப்பலாக வந்தது என்றால், உறுதி அளித்தது தவறான தகவல் என்பதால் ஆர்டரை ரத்து செய்கிறேன், முன்பணத்தை 15 நாளில் திருப்பி அனுப்புங்கள் என்று பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும்.

கடை கோயம்புத்தூரில், நாம் கேரளத்தில், வழக்கென்றால் எல்லை தாண்டி அலைய வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். அதாவது பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இணையம் வழியாகவும் பதிவு செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் செய்துவிட வேண்டும். இதெல்லாம் தீரும்வரை, அவர் ஆள் அனுப்பினாலும் மொட்டைமாடித் தளத்தில் துளைபோட விடாதீர்கள். ஒரு போல்ட் இறங்கிவிட்டால் வேலை தொடங்கிவிட்டது என்று சொல்லி மீதிப் பணத்தைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.